நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்கிறீர்களே, மனுசனுக்கு எப்போது பார்ப்பீர்கள்?

  

கொள்முதல் நிலையத்துக்கு மூட்டையைக் கொண்டுபோனால் முதலில் என்ன செய்கிறார்கள்? ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து மெஷினில் போட்டு ஈரப்பதம் பார்க்கிறார்கள். 17 சதவீதத்துக்கு மேலே ஒரு புள்ளி போனாலும் "காயவைச்சு எடுத்துக்கிட்டு வாங்க" என்று திருப்பி விடுகிறார்கள். ஈரப்பதத்தைத் தளர்த்தச் சொல்லி நாம் எத்தனை முறை ரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம்!

நெல்லில் உள்ள ஈரத்தைப் புள்ளி சுத்தமாக அளக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அந்த நெல்லை விளைவித்தவன் நிற்கிற காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, அந்த வெயிலில் அவன் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று அளக்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, அளக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை என்பதுதான் சரி. இதைப் பற்றித்தான் இப்போது பேசப்போகிறோம். விலை, கடன், காப்பீடு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் போராடுகிற நாம், நம்ம உயிருக்கும் உடம்புக்கும் ஒரு கணக்குக் கேட்காமல் இருக்கிறோம். இனி இருக்க முடியாது.

டிவியில் சொல்கிற வெயில் எந்த வெயில்?

"இன்று 38 டிகிரி, நாளை 39 டிகிரி" என்று செய்தியில் சொல்கிறார்களே, அது எங்கே அளந்த வெயில் தெரியுமா? வானிலை நிலையத்தில், ஏறத்தாழ நாலடி உயரத்தில், சட்டம் சட்டமாகக் காற்றோட்டம் விட்ட ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிற வெப்பமானி காட்டுவது அது. அதாவது நிழலில் அளந்த வெயில். வானிலைக் கணக்குக்கு அப்படித்தான் அளக்க வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் நாம் அந்தப் பெட்டிக்குள்ளேயா களை எடுக்கிறோம்? உச்சந்தலையில் சூரியன், காலடியில் சூடேறிய சேற்றுத் தண்ணீர், நாலு பக்கமும் அனல். அந்தக் கணக்கு எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரியாவது கூடினால்தான் 'வெப்ப அலை' என்று வானிலைத் துறை அறிவிக்கும். இல்லையென்றால் நேராக 45 டிகிரி வரவேண்டும். கடலோரம் என்றால் 37 டிகிரியும் அந்த நாலரை டிகிரி உயர்வும் வேண்டும். எல்லாமே காற்றின் சூடு மட்டும்தான். 36 டிகிரியில் புழுங்கிச் செத்தாலும் நாகப்பட்டினத்துக்காரனுக்கும் கடலூர்க்காரனுக்கும் அன்றைக்கு 'வெப்ப அலை' கிடையாது!

நம்ம உடம்பும் ஒரு மண்பானைதான்

சித்திரை மாதத்தில் மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் மேலே கசிகிற ஈரத்தைக் காற்று உறிஞ்சிக்கொண்டு போகிறது. போகும்போது பானையின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. அதே பானையை ஐப்பசி அடைமழையில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் அவ்வளவாகக் குளிராது. காற்றே ஈரமாக இருக்கும்போது அது எப்படி இன்னொரு ஈரத்தை உறிஞ்சும்?

நம்ம உடம்பும் இதே கதைதான். உள்சூடு 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். மம்பட்டி பிடித்து வெட்டினால் உடம்புக்குள்ளேயே சூடு பிறக்கிறது. வெளியே வெயிலும் சூடேற்றுகிறது. இதை வெளியேற்ற உடம்புக்கு இருக்கிற பெரிய வழி வியர்வை. வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, அது காயவேண்டும். காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாகி, காற்றும் அசையாமல் நின்றுவிட்டால் வியர்வை சொட்டுச் சொட்டாக வழியுமே தவிர காயாது. தண்ணீரும் உப்பும் போகும், சூடு போகாது. எட்டடி பத்தடி வளர்ந்த கரும்புக் கொல்லைக்குள்ளே சோகை உரிக்கிறவர்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று வெப்பமானி, ஒரே கணக்கு

இதையெல்லாம் சேர்த்து அளக்க ஒரு வழி இருக்கிறது. புதுசும் இல்லை. 1950களில் அமெரிக்க ராணுவத்தில் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் வெயிலில் ஓடும்போது சுருண்டு விழுந்தார்கள். எந்த அளவுக்கு மேலே போனால் பயிற்சியை நிறுத்த வேண்டும் என்று கண்டுபிடிக்க உருவாக்கிய கணக்கு அது. 'வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர்' என்று ஆபீசர்கள் சொல்வார்கள். நாம் 'ஈரக்குமிழ் கோள வெப்பநிலை' என்று சொல்லலாம். சுருக்கமாக, உழைப்பாளி வெயில் அளவு.

அதில் மூன்று அளவுகள். ஒன்று, சாதாரண வெப்பமானி. இரண்டு, குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி. வியர்வை காயுமா காயாதா என்பதை இது காட்டிவிடும். மூன்று, கறுப்பு வண்ணம் பூசிய உலோக உருண்டைக்குள் வைத்த வெப்பமானி. நேரடி வெயிலும் அனலும் எவ்வளவு ஏறுகிறது என்பதை இது காட்டும். பத்துப் பங்கில் ஏழு பங்கு ஈரத்துணி வெப்பமானிக்கு, இரண்டு பங்கு கறுப்பு உருண்டைக்கு, ஒரே ஒரு பங்குதான் சாதாரண வெப்பமானிக்கு. புரிகிறதா? டிவியில் தினமும் சொல்கிற அந்த டிகிரிக்கு இந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்குதான் மதிப்பு!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்மாவட்டத்தில் வறண்ட வெயில். சாதாரண வெப்பமானி 40, ஈரத்துணி 24, கறுப்பு உருண்டை 52 என்று வைத்துக்கொள்வோம். 16.8, 10.4, 4 மூன்றையும் கூட்டினால் 31.2. கடலோர ஊரில் சாதாரண வெப்பமானி 35தான். ஆனால் ஈரத்துணி 29, கறுப்பு உருண்டை 47. இப்போது 20.3, 9.4, 3.5 கூட்டினால் 33.2. செய்தியில் 5 டிகிரி குறைவாகச் சொன்ன ஊரில்தான் உழைக்கிறவனுக்கு ஆபத்து அதிகம்!

எவ்வளவு வரை தாங்கலாம்? உலகத் தர நிர்ணய அமைப்பின் 7243ஆம் எண் தரம் இதைச் சொல்கிறது. வெயிலுக்குப் பழகிய உடம்பாக இருந்தால் லேசான வேலைக்கு 30, நடுத்தர வேலைக்கு 28, கடின வேலைக்கு 26. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே 33. அதற்கு மேலே போனால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அர்த்தமில்லை. வேலைக்கு நடுவே ஓய்வு கூடவேண்டும், தண்ணீர் கூடவேண்டும், வேலை நேரம் மாறவேண்டும் என்று அர்த்தம். மேலே போட்ட இரண்டு கணக்கையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கரும்பு வெட்டுகிறவனும் வரப்பு அண்டை வெட்டுகிறவனும் எங்கே நிற்கிறான் என்று தெரியும்.

"காலங்காலமா வெயில்லதானே கிடக்கிறோம்?"

நம்மில் பலபேர் இப்படிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம்ம பாட்டன் பூட்டன் வெயிலில் உழைத்தது உண்மை. ஆனால் எப்படி உழைத்தார்கள்? விடியும் முன்னே ஏர் கட்டினார்கள். வெயில் ஏறினால் ஏரை அவிழ்த்துவிட்டு மர நிழலுக்குப் போனார்கள். நீராகாரமும் மோரும் குடித்தார்கள். சாய்ந்த வெயிலில் மறுபடி இறங்கினார்கள். அவர்களிடம் வெப்பமானி இல்லை, ஆனால் வெயிலுக்கு மரியாதை இருந்தது.

இன்றைக்கு வேலை நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? பஸ் நேரம் தீர்மானிக்கிறது. அறுவடை இயந்திரக்காரர் வருகிற நேரம் தீர்மானிக்கிறது. மும்முனை மின்சாரம் வருகிற நேரம் தீர்மானிக்கிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் காலையில் ஒரு படம், மத்தியானம் ஒரு படம் என்று செல்போனில் வருகைப்பதிவு எடுப்பதைக் கட்டாயமாக்கினார்கள். காலையிலேயே வேலையை முடித்த தாய்மார்கள் இரண்டாவது படத்துக்காகக் காத்துக்கிடந்தார்கள். 2005இல் வந்த வேலை உறுதிச் சட்டம் வேலைத்தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவி கட்டாயம் என்று எழுதி வைத்தது. செல்போன் படத்துக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசியை அந்த நிழலுக்குக் காட்டினார்களா என்று வேலை செய்தவர்களைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒருவாரம் முதல் இரண்டு வாரம் ஆகிறது. வெயிலில் விழுகிறவர்களில் பலபேர் வேலைக்கு வந்த முதல் சில நாட்களிலேயே விழுகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து அறுவடைக்கு ஊருக்கு வந்த பையன், பிரசவம் கழித்து மறுபடி நடவுக்கு இறங்குகிற பெண், காய்ச்சலில் படுத்து எழுந்தவர், இவர்களை முதல் நாளே முழுவேலைக்கு இறக்கக் கூடாது. முதல் நாள் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று ஏற்றவேண்டும். போலீஸ் செலக்சனுக்கு ஓடிப் பழகுகிற நம்ம பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். ஓட்டமெல்லாம் விடியற்காலையில்தான் என்று பெற்றோர் கண்டித்துச் சொல்லுங்கள்.

மயக்கம் மட்டுமா?

வெயில் ஒரே நாளில் கொல்வது ஒரு பக்கம். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது இன்னொரு பக்கம். நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளில் சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ இல்லாத இளவயதுக் கரும்பு வெட்டுத் தொழிலாளர்கள் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். கொளுத்தும் வெயிலில் தண்ணீர் வற்றி உழைப்பது முக்கியமான காரணமாக ஆய்வாளர்களால் பேசப்படுகிறது. பக்கத்தில் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் விவசாயிகளின் சிறுநீரகம் இப்படிக் கெடுகிறது. அங்கே தண்ணீர், பூச்சிமருந்து என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள், வெயிலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

நம்ம தாய்மார்கள் கதை இன்னும் கொடுமை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களிடம் ஆய்வு செய்து 2024இல் வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருக்கலையும் ஆபத்து இரண்டு மடங்கு என்று அதில் தெரிந்தது. வயலில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்கக் குனிந்து நடவு நடுகிற நம்ம பெண்களை நினைத்துப் பாருங்கள். வெயிலை அளக்க வேண்டுமா வேண்டாமா?

ஆட்சியாளர்களுக்கு உயிர்க் கணக்கு புரியாவிட்டால் பணக் கணக்கு சொல்கிறோம். 2030இல் வெப்பத்தால் இந்தியாவின் மொத்த வேலை நேரத்தில் 5.8 சதவீதம் போகும், அது 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைக்குச் சமம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019லேயே கணக்குச் சொன்னது. விவசாயத்துக்கும் கட்டட வேலைக்கும்தான் அடி அதிகம்.

மற்ற இடத்தில் செய்கிறார்கள், இங்கே ஏன் முடியாது?

கத்தார் நாட்டில் 2021இல் ஓர் உத்தரவு போட்டார்கள். உழைப்பாளி வெயில் அளவு 32.1ஐத் தாண்டினால் திறந்தவெளி வேலையை நிறுத்த வேண்டும். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் மத்தியானம் மூன்றரை வரை வெயிலில் வேலை கிடையாது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் அங்கே போய் வேலை செய்கிறார்கள். அங்கே கூலிக்காரனாகப் போனால் இருக்கிற பாதுகாப்பு, சொந்த ஊரில் சொந்த மண்ணில் இல்லை!

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வயலில் தொழிலாளர்கள் செத்து விழுந்த பிறகு, விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் போராடி 2005இல் ஒரு விதி வாங்கினார்கள். தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றும் முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. பக்கத்துக் கேரளத்தில் கோடை வந்தால் தொழிலாளர் துறை 12 மணி முதல் 3 மணி வரை வெயில் வேலைக்கு ஓய்வு விட்டு வேலை நேரத்தை மாற்றி உத்தரவு போடுகிறது. தமிழ்நாட்டு வெயில் கேரளத்து வெயிலைவிடக் குளிர்ச்சியா?

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். இதை வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. வயலில் விழுந்து செத்தவருக்கு 'மாரடைப்பு' என்று எழுதிவிட்டால் அந்த நாலு லட்சம் யாருக்குப் போகும்? வெயிலால்தான் இறந்தார் என்ற சான்று வேண்டும். அன்றைக்கு அந்த ஊரில் உழைப்பாளி வெயில் அளவு எவ்வளவு என்ற பதிவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் உடம்புச் சூடு பார்த்து எழுதினார்களா என்பதும் தெரியாது. பிறகு எதை வைத்துச் சான்று தருவார்கள்? அளவில்லாத இடத்தில் நிவாரணம் காகிதத்தோடு நின்றுவிடும். அதனால்தான் அளவு கேட்கிறோம்.

"கூலி கொடுப்பவனே நான்தானே?"

சிறு விவசாயிகள் மனசில் ஒரு பயம் வரும். "ஓய்வு கொடு, நேரத்தைக் குறை என்று சட்டம் வந்தால் கூலி என் தலையில்தானே விழும்? ஏற்கெனவே கட்டுப்படியாகவில்லை." இந்தப் பயத்தை ஒதுக்கித் தள்ளக் கூடாது. ஆனால் ஒன்றை யோசிப்போம். நம்மில் பெரும்பாலோர் காலையில் சொந்தக் காட்டில் முதலாளி, அடுத்த வாரம் பக்கத்து வயலில் கூலி. வெயில் இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் அடிக்கிறது.

நாம் கேட்பது வேலை நேரத்தைக் குறைப்பது அல்ல, மாற்றுவது. விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கிப் பத்தரைக்குள் ஒரு பாதி, நாலு மணிக்கு மேலே மறுபாதி. வெயிலில் தள்ளாடிக்கொண்டு செய்கிற மூன்று மணி நேர வேலையைக் காலையில் ஒன்றரை மணியில் முடிக்கலாம் என்பது நமக்குத் தெரியாதா? இதற்குக் காலையில் பஸ் வேண்டும், காலையில் மும்முனை மின்சாரம் வேண்டும். இரண்டும் அரசாங்கத்தின் கையில். அளவு எல்லை மீறிப்போய் வேலையே செய்ய முடியாத நாட்களுக்கு அரசுதான் ஈடு தரவேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் தருகிறார்கள், அது அவர்கள் போராடிப் பெற்ற உரிமை. வெயில் தடைக்காலத்துக்கு அதே நியாயத்தை நாமும் கேட்போம்.

அரசாங்கம் வரும்வரை நாம் செய்ய வேண்டியது

தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கடின வேலையில் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர். நீராகாரம், உப்புப் போட்ட மோர் நல்லது. சாராயம் குடித்துவிட்டு வெயிலில் இறங்கினால் எமனை நாமே கூப்பிடுகிறோம் என்று அர்த்தம். மருந்து அடிக்கும் வேலையை விடியற்காலையில் முடியுங்கள். உடம்பை மூடினால் சூடு ஏறும், மூடாவிட்டால் வியர்த்த தோல் வழியாக மருந்து ஏறும்.

தனியாக யாரும் வேலை செய்ய வேண்டாம். ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, ஆளே ஒரு மாதிரியாக இருந்தாலோ அது வெப்பத்தாக்கு. வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் வெப்பத்தாக்காக இருக்கலாம், ஏமாந்துவிடாதீர்கள். உடனே நிழலுக்குத் தூக்குங்கள். போர்செட் தண்ணீரோ வாய்க்கால் தண்ணீரோ, உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள். ஈரத்துணி போர்த்தி விசிறுங்கள். 108க்குப் போன் பண்ணுங்கள், ஆனால் வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். முதலில் குளிரவைப்பது, பிறகு கொண்டுபோவது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரியில் உடம்புச் சூட்டைப் பார்த்துச் சீட்டில் எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள்.

நம் கோரிக்கைகள்

1. தாலுகா ஆபீசில் மழைமானி இருப்பதுபோல, ஒன்றியம்தோறும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் உழைப்பாளி வெயில் அளவுக் கருவி வை! தினமும் மூன்று வேளை அளந்து பதிவு செய்! ஊராட்சி ஒலிபெருக்கியிலும் செல்போனிலும் சொல்!

2. காற்றின் சூட்டை மட்டும் பார்க்காமல், ஈரத்தையும் நேரடி வெயிலையும் சேர்த்து எச்சரிக்கை அறிவி! வானிலைத் துறை 2023இல் சோதனையாகத் தொடங்கிய வெப்பக் குறியீட்டுப் படம் வயல்வரை வந்து சேர வழி செய்!

3. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் விவசாயிகளுக்கும் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் கூரையும் குடிநீரும் கொடு! மூட்டையோடு நாட்கணக்கில் வெயிலில் காக்க வைக்காதே!

4. கோடையில் ஊரக வேலைத்திட்டத்தைக் காலை நேரத்தோடு முடி! மத்தியானப் படத்துக்காகப் பெண்களைக் காக்க வைக்காதே! கூலியைக் குறைக்காதே!

5. மார்ச் முதல் ஜூன் வரை விடியற்காலையில் மும்முனை மின்சாரமும் முதல் பஸ்ஸும் கொடு!

6. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஐஸும், குளிரவைக்கும் வசதியும், உப்புச்சர்க்கரைக் கரைசலும் எப்போதும் வை! வயலில் இறந்தவர்களுக்கு முறையாக விசாரித்துச் சான்று கொடு! 4 லட்சத்தை இழுத்தடிக்காமல் வழங்கு!

7. அளவு எல்லை மீறுகிற நாட்களில் சிறு விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் ஈட்டுத்தொகை கொடு!

விவசாயிகளே! இதில் ஒன்றுகூட ஆகாயத்தில் உள்ள கோரிக்கை இல்லை. மூன்று வெப்பமானி, ஒரு ஈரத்துணி, ஒரு கறுப்பு உருண்டை, கொஞ்சம் நிழல், கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் நேர மாற்றம். இதைக்கூடக் கேட்காமல் வாங்க முடியாது என்பதுதான் நம்ம நிலைமை. ஊர்க்கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். கிராமசபையில் தீர்மானமாகப் போடுங்கள். அடுத்த கத்திரி வெயிலுக்கு முன்னே தாலுகா ஆபீஸ் வாசலில் நம் குரல் கேட்கட்டும்.

நெல்லுக்கு ஒரு அளவு! விவசாயி உயிருக்கு அளவே இல்லையா?

வெயிலை அள! நிழலைக் கொடு! உயிரைக் காப்பாற்று!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!